முட்டையிடாத மீனும் நம் மீதுள்ள அமானிதமும்

 

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் சினை பிடித்து முட்டையிடும் காலம் என்பதால் அரசு விதித்திருக்கும் தடை அது. பாலவாக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வஞ்சிரத்தின் விலையே சொல்லிவிடும். அந்த நாட்களில்தான் ஈ.சி.ஆர். ஓரத்திலும் சந்து முனைகளிலும் நீல டிரம்முக்குள் ஜிலேபி கெண்டை உயிரோடு துள்ளிக்கொண்டு விற்பனைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

சென்ற தடைக்காலத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து ஒரு சகோதரர் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டவர். "ஹஜ்ரத், மதுராந்தகம் பக்கம் மாமாவோட நிலத்துல குளம் வெட்டி ஜிலேபி வளர்க்கலாம்னு இருக்கேன். சேர்த்து வச்ச காசு மொத்தமும் அதுலதான் போகுது. ஆனா அந்தக் குஞ்சுங்களையெல்லாம் குரோமோசோம்ல ஏதோ பண்ணி, முட்டையே போடாத மாதிரி ஆக்கித்தான் தர்றாங்களாம். அல்லாஹ்வோட படைப்பை மாத்துறது ஷைத்தானோட வேலைன்னு குர்ஆன்ல வருதே, அதுல நான் மாட்டிக்குவேனா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. படித்துவிட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்தப் பதில்தான் இது. அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, அந்த டிரம்முக்கு முன்னால் நின்று மீன் வாங்கும் நம் எல்லோருக்கும் உரியது என்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைத் தொட்டு அடுத்த ஜும்ஆவில் பேசியபோது, பிள்ளை இல்லாதவர்களைக் குத்திக்காட்ட ஊரில் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லை மீனுக்கு அடைமொழியாக நாலைந்து முறை சொல்லிவிட்டேன். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்தார். திருமணமாகிப் பதினான்கு வருடம் ஆனவர். "வேற வார்த்தை இருந்தா அதைச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அல்லாஹ் சிலருக்குப் பெண் மக்களை, சிலருக்கு ஆண் மக்களை, சிலருக்கு இருவரையும் தருகிறான், சிலருக்குத் தராமலும் வைக்கிறான் என்று சூரா அஷ்ஷூராவின் 49, 50 ஆம் வசனங்களில் வருகிறது. அந்தப் பட்டியலில் யாரையும் குறைத்துச் சொன்ன தொனி இல்லை. நான் மிம்பரில் நின்று குறைத்துச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் இந்தக் கட்டுரையில் எங்கும் வராது.

இப்போது மீனுக்கு வருவோம். ஜிலேபி கெண்டை நம் ஊர் மீன் அல்ல. மொசாம்பிக் திலேப்பியா என்ற ஆப்பிரிக்க இனம் 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். தாய் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்து அடைகாக்கும். பொரிந்து வெளியே வந்த குஞ்சுகளும் ஆபத்து என்றால் ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். சுப்ஹானல்லாஹ்! வாய் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சரியாகத் தீனிகூடத் தின்னாத ஒரு தாய்.

ஆனால் அந்தத் தாய்மையே பண்ணைக்காரருக்குத் தலைவலி. ஆயிரம் குஞ்சு விட்ட குளம் சில மாதங்களில் விரல் நீள மீன்களால் நிரம்பிவிடும். போடுகிற தீனி எல்லாவற்றுக்கும் பங்காகிப் போக, ஒன்றுகூட எடை கூடாது. ஏரிகளில் புகுந்தால் நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். 1959-இல் இதைப் பரப்பக் கூடாது என்று தடை வந்தது. அதற்குள் அது பரவிவிட்டது. பிறகு வளர்ப்புக்கு வந்தது நைல் திலேப்பியா. இன்று அனுமதி பெற்ற பண்ணைகளில், நிபந்தனைகளோடு, இனம் பெருகாத வகையில் வளர்க்க அரசு இடம் கொடுத்திருக்கிறது. அந்த "இனம் பெருகாத வகை" என்பதற்குள்தான் நம் சகோதரரின் கேள்வி இருக்கிறது.

இதற்கு வழிகள் பல. பரவலாகச் செய்வது, குஞ்சு பொரிந்த முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுப்பது. ஒரு கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம் அளவு. பெண்ணாக வளர வேண்டியதும் ஆணாகவே வளரும். திலேப்பியாவில் ஆண்தான் வேகமாக எடை போடும், ஆகவே எல்லாம் ஆணாக இருந்தால் லாபம். இந்த ஹார்மோனைச் சாராயத்தில் கரைத்துத் தீனியில் தெளித்து உலர்த்துவார்கள் என்று சொன்னால், உடனே அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அது உலரும்போதே ஆவியாகிப் போய்விடுகிறது. என் கவலை அதைக் கலக்கும் கூலிக்காரரின் கையைப் பற்றியது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொல்லும் முதலாளி வேறு எதற்காகவும் பத்வா கேட்டு வர வேண்டாம்.

இரண்டாவது வழி தலைமுறைகள் வழியாகப் போவது. மனிதரைப் போலவே இந்த மீனிலும் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் என்ற குரோமோசோம் ஜோடி. ஆண் குஞ்சு சிலவற்றைப் பெண் ஹார்மோனால் பெண்ணாக்கி, சாதாரண ஆணோடு சேர்த்தால், பிறப்பவற்றில் சில ஒய் ஒய் ஆக இருக்கும். அந்த ஒய் ஒய் தகப்பனைச் சாதாரணப் பெண் மீனோடு சேர்த்தால் பிள்ளைகள் ஏறத்தாழ எல்லாமே ஆண். பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் செய்துகாட்டினார்கள். நாம் தின்னும் மீன் ஹார்மோனையே பார்த்திருக்காது, அதன் பாட்டி மட்டும் பார்த்திருக்கும்.

மூன்றாவது, குரோமோசோம் தொகுதியையே கூட்டுவது. நைல் திலேப்பியாவுக்கு 44 குரோமோசோம்கள். தாயிடமிருந்து 22, தந்தையிடமிருந்து 22. முட்டை கருவுற்ற பிறகும் தாயின் ஒரு 22 அதற்குள் கூடுதலாக இருக்கும். சில நிமிடங்களில் முட்டை அதை வெளியே தள்ளிவிடும். தள்ளுவதற்கு முன் குளிராலோ வெப்பத்தாலோ கடும் அழுத்தத்தாலோ ஓர் அதிர்ச்சி கொடுத்தால் அது உள்ளேயே தங்கிவிடும். இப்போது குஞ்சுக்கு 66. மூன்று தொகுதி. வளரும், தின்னும், நீந்தும். ஆனால் அதன் உடலில் சரியான முட்டையோ விந்தோ உருவாகாது. 66-ஐ இரண்டாகப் பிரிக்கலாமே என்று கணக்குப் போடாதீர்கள். பங்கு எண்ணிக்கையில் இல்லை, ஜோடியில் இருக்கிறது. மூன்று பேரை ஜோடி ஜோடியாக நிறுத்த முடியுமா? மூன்று தொகுதி என்றதும் பயப்பட வேண்டாம். இந்த வாரம் நீங்கள் தின்ற பூவனும் ரஸ்தாளியும் அப்படிப்பட்டவைதான். வாழைப்பழத்தில் விதை இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் தமிழ்நாட்டிலேயே இந்த ஆய்வுக்குப் பெயர்பெற்ற இடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் டி.ஜே. பாண்டியனும் அவருடைய மாணவர்களும் மீன்களின் குரோமோசோம் தொகுதிகளைக் கூட்டியும் குறைத்தும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொளத்தூர் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் விற்கும் டைகர் பார்ப் என்ற வண்ண மீனின் முட்டையில் தாயின் குரோமோசோம்களைக் கதிரால் செயலிழக்கச் செய்தார்கள். இறந்து குளிரில் வைக்கப்பட்டிருந்த ரோசி பார்ப் என்ற வேறொரு மீனின் விந்தை அதில் சேர்த்தார்கள். அதிர்ச்சி கொடுத்து அந்தத் தந்தையின் தொகுதியை இரட்டிப்பாக்கினார்கள். வேற்றினத் தாயின் முட்டையிலிருந்து, இறந்துபோன தந்தையின் இனம் பிறந்தது. இந்த ஆய்வு 2004-இல் வெளியானது. விளையாட்டுக்காகச் செய்ததல்ல. மீன் முட்டையை உறைய வைத்துக் காப்பது இயலாத காரியம், விந்தைக் காக்க முடியும். அழிந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தை மீட்க இது வழியாகலாம்.

"நாளைக்கு மனுஷனுக்கும் இதைச் செய்வாங்களே" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் மனிதனுக்கு நஸப் உண்டு, வாரிசுரிமை உண்டு, மஹ்ரம் உண்டு. மீனுக்கு இவை எதுவும் இல்லை. மீனில் கூடும் என்பது மனிதனில் கூடும் என்பதற்கு ஆதாரமாகாது. மனிதனில் கூடாது என்பதற்காக மீனில் ஹராம் என்றும் ஆகிவிடாது.

சரி, படைப்பை மாற்றுதல். சூரா அன்னிஸாவின் 119 ஆம் வசனத்தில் ஷைத்தானின் சபதமாக அது வருகிறது. சிலைகளுக்கு நேர்ந்துவிட்டதற்கு அடையாளமாகக் கால்நடைகளின் காதுகளை அறுத்த வழக்கமும் அங்கேயே சொல்லப்படுகிறது. மாற்றம் என்பது எது என்பதில் முஃபஸ்ஸிர்கள் ஒரே கருத்தில் இல்லை. காயடிப்பதுதான் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அல்லாஹ்வின் மார்க்கத்தை மாற்றுவது என்று இன்னொரு சாரார். இப்னு உமர் (ரலி) அவர்கள் காயடிப்பதை வெறுத்ததாக முவத்தாவில் இருக்கிறது. அதே சமயம் நபி (ஸல்) அவர்கள் காயடிக்கப்பட்ட இரண்டு ஆட்டுக் கிடாய்களைக் குர்பானி கொடுத்த செய்தி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. பயன் இருந்தால் கால்நடைக்குக் காயடிக்கலாம் என்பது ஹனஃபி நிலை. இறைச்சிக்கான பிராணி சிறியதாக இருக்கும்போது மட்டும் கூடும் என்பது ஷாஃபிஈ நிலை. கத்தியால் வெட்டுவதிலேயே இவ்வளவு இடம் தந்த மத்ஹபுகள், தண்ணீரின் குளிர்ச்சியைக் கூட்டுவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதைவிட அழுத்தமாகப் பட்டது கோவேறு கழுதை. ஆண் கழுதையையும் பெண் குதிரையையும் மனிதன் சேர்த்து உண்டாக்கிய பிராணி. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. ஜோடி சேராது. ஆகவே பெரும்பாலும் அதற்குப் பிள்ளை இல்லை. நம் முட்டையிடாத மீனுக்கு மூத்த உறவு என்றே சொல்லலாம். சூரா அன்னஹ்லின் 8 ஆம் வசனம், சவாரிக்கும் அழகுக்கும் அல்லாஹ் படைத்தவற்றில் குதிரை, கழுதையோடு இதையும் சேர்த்தே சொல்கிறது. மனிதன் கை வைத்து வந்ததையும் அல்லாஹ் தன் படைப்பு என்கிறான். ஹுனைன் போரில் நபி (ஸல்) அவர்கள் வெள்ளைக் கோவேறு கழுதையின் மேல்தான் இருந்தார்கள். ஆனால், நாமும் இப்படிக் கழுதையையும் குதிரையையும் சேர்க்கலாமே என்று அலி (ரலி) அவர்கள் கேட்டபோது, அறியாதவர்கள் செய்யும் வேலை அது என்ற பொருளில் நபியவர்கள் பதில் சொன்னதும் அபூதாவூதில் இருக்கிறது. குதிரை இனம் குறைந்துவிடும் என்பதே காரணம் என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: அந்தப் பிராணியின் மேல் குற்றம் இல்லை, அதைப் பயன்படுத்துவதிலும் குற்றம் இல்லை. அதை உண்டாக்குவதால் எதை இழக்கிறோம் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நம்மில் பலர் ரோகுவும் கட்லாவும் விரும்பிச் சாப்பிடுகிறோம். அந்த மீன்கள் குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு அவற்றை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் நாடு மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. நமக்குத் தெற்கே இதே ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தார் 1997-இல் கொடுவாவைச் சிறையிருப்பில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அந்தக் கொடுவா, யாரும் தொடாமலே, ஆணாக வளர்ந்து சில வருடங்களில் பெண்ணாக மாறும் மீன். அல்லாஹ்வே அதை அப்படி வைத்திருக்கிறான். முட்டையிட வைக்க ஊசி போட்டபோது கேட்காத கேள்வியை, முட்டையிடாமல் இருக்கக் குளிர் கொடுக்கும்போது மட்டும் ஏன் கேட்கிறோம்?

பலருக்கு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கிஃப்ட் திலேப்பியா என்று விற்பது மரபணு மாற்றிய மீன் அல்ல. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, நன்றாக வளரும் மீன்களைத் தேர்ந்து தேர்ந்து சேர்த்து உருவாக்கியது. நல்ல கிடாயைப் பொலிக்கு விடுவது போலத்தான். வேறு மீனின் மரபணுவைச் செருகிய சால்மனை அமெரிக்கா 2015-இல் உணவுக்கு அனுமதித்தது. அது தனிப் பேச்சு, இந்த டிரம்முக்குள் அது இல்லை.

ஹார்மோன் தின்ற மீனைத் தின்னலாமா? அசுத்தத்தைத் தின்று திரியும் பிராணியை, ஜல்லாலா என்பார்கள், சில நாட்கள் கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பிறகே உண்ண வேண்டும் என்று ஃபிக்ஹில் படித்திருப்பீர்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் கோழியை மூன்று நாள் அடைத்துவைப்பார்கள். இந்த மீனுக்கு ஹார்மோன் தீனி முதல் மாதத்தோடு நின்றுவிடுகிறது. விற்பனைக்கு வர அதன் பிறகு ஐந்தாறு மாதம் ஆகிறது. ஹார்மோன் உடலில் அவ்வளவு காலம் தங்குவதில்லை. ஆகவே அந்த மீன் ஹலால் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. சகோதரர் பயந்தது முட்டையிடாத மீனைப் பற்றி. விசாரித்துப் பார்த்தால், அவருக்கு விற்க வந்தது அந்த மீனே அல்ல. "எல்லாம் ஆண்" என்ற குஞ்சு. இரண்டும் ஒன்றல்ல. ஆண் மீன் தன் குளத்தில் பெருகாது, பெண் இல்லை என்பதால். ஆனால் அதற்கு வீரியம் அப்படியே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. அப்படி ஒரு மழையில் கரைக்கு மேல் தண்ணீர் போனால் மீன் ஏரிக்குப் போகும். ஏரியில் பழைய ஜிலேபி கெண்டையின் பெண் மீன்கள் எழுபது வருடமாகக் காத்திருக்கின்றன. ஏரியில் கெளுத்தியும் விராலும் பிடித்துப் பிழைப்பவருக்கு அந்தக் குளத்தில் பங்கு இல்லை, லாபத்திலும் பங்கு இல்லை. நஷ்டம் மட்டும் அவருடையது. பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. எந்த மீன் படைப்பைக் கெடுத்தது போலத் தோன்றியதோ, அந்த மூன்று தொகுதி மீன்தான் ஏரிக்குப் போனாலும் அங்கே தன் இனத்தைப் பெருக்காமல் சாகும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் புல் கெண்டையை இப்படி மூன்று தொகுதி ஆக்கினால்தான் குளத்தில் விட அனுமதிக்கின்றன. அதிர்ச்சி எல்லா முட்டையிலும் பலிப்பதில்லை என்பதால் ஒவ்வொரு மீனின் இரத்தத்தையும் சோதித்துத்தான் விற்கிறார்கள்.

அதற்காக மூன்று தொகுதி மீனைப் புகழ்ந்துகொண்டிருக்கவும் மனம் வரவில்லை. குளிர்நாடுகளில் அப்படி வளர்த்த சால்மன்களில் முதுகெலும்புக் கோணலும் கண்புரையும் அதிகம் காணப்பட்டன. தண்ணீர் சூடானால் அவற்றால் மற்றவை அளவுக்குத் தாங்க முடிவதில்லை. நம் ஊர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியைக் காக்கும் மீனுக்கே வலி என்றால் அந்த வலிக்கும் யாரோ பதில் சொல்ல வேண்டும். நாக்கில்லாத பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சச் சொல்லப்பட்டவர்கள் நாம். மீனுக்கு அறுப்பு இல்லை என்பதால் அந்தக் கட்டளையிலிருந்து மீன் விலகிவிடவில்லை.

இன்னொன்று, விதை. பெருகும் மீனை ஒருமுறை விட்டால் ஏழை விவசாயி அடுத்த வருடம் சும்மா குஞ்சு எடுத்துக்கொள்வார், சிறியதாக இருந்தாலும். பெருகாத மீனுக்கு ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்தின் வாசலில் நிற்க வேண்டும். மதீனாவின் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் விஷயத்தில், உலகக் காரியங்களை அந்தத் தோட்டக்காரர்களின் அறிவுக்கே நபி (ஸல்) அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த அறிவு தோட்டக்காரர்களின் கையில் இருந்தது. இப்போது அது சிலருடைய கையில் மட்டும் இருக்கிறது. இதை ஹராம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் விற்பவர் ஒரு வார்த்தை பொய் சொன்னாலும் வாங்குபவர் ஒரு வருடத்தை இழக்கிறார் என்பதால், அங்கே உண்மையின் பாரம் பல மடங்கு கூடுகிறது.

இதையெல்லாம் சகோதரரிடம் சொன்னேன். குளத்தை ஏரி வாய்க்காலை விட்டுத் தள்ளி வெட்டு, கரையை உயர்த்து, தண்ணீர் வெளியேறும் இடத்தில் நெருக்கமான வலை கட்டு, அனுமதி வாங்காமல் ஒரு குஞ்சும் இறக்காதே என்றேன். விற்கும்போது, குஞ்சாக இருந்தபோது ஹார்மோன் தீனி கொடுத்தது என்று கேட்பவரிடம் மறைக்காதே என்றும் சொன்னேன். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்த சம்பவத்தையும் நினைவுபடுத்தினேன்.

"கேக்குறவங்ககிட்ட சொல்லிடுவேன் ஹஜ்ரத்," என்றார். "கேக்காதவங்ககிட்ட?"

குளம் வெட்டி முடித்துவிட்டார். வலையும் கட்டியாயிற்று. அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். குஞ்சு இன்னும் விடவில்லை. அந்தக் கேள்வியை நான் இரண்டு ஆலிம்களிடம் கேட்டேன். ஒருவர், உடலுக்குக் கேடு இல்லாதபோது கேட்காமல் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, அது ஐபு ஆகாது என்றார். மற்றவர், வாங்குபவர் தெரிந்தால் வாங்காமல் போகக்கூடிய எதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன். சகோதரரின் மாமா முதலாமவர் பக்கம். வல்லாஹு அஃலம்.